வாசலில் நின்றவன்

(பாளையங்கோட்டையில், கிறிஸ்தவப் பாட்டுப் புத்தகமான பாமாலையைப் பாடும் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

போதகர் ஐயர் அவர்களே, பெரியோர்களே, பாடகர் குழுவின் தம்பி தங்கைகளே,

"அயர்லாந்தில் 17 வருடம் நர்ஸாக இருந்தாயே, அந்த ஊர்ச் சபைகளைப் பற்றிப் பேசு" என்று ஐயர் சொன்னார். ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேட்டிருந்தால் குறிப்பே இல்லாமல் இரண்டு மணி நேரம் பேசியிருப்பேன். சபை என்றதும் பாட்டுப் புத்தகத்தைத்தான் எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எங்கள் ஆச்சியின் அடக்க ஆராதனையில் "பாவ சஞ்சலத்தை நீக்க" பாடினோம். உங்களில் யார் வீட்டு அடக்கத்தில்தான் அதைப் பாடவில்லை? அது நம் பக்கத்துப் பாட்டு என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். டப்ளினிலிருந்து பெல்ஃபாஸ்ட் போகும் வழியில் பான்பிரிட்ஜ் என்று ஓர் ஊர் வரும். அந்தப் பாட்டை எழுதிய ஜோசப் ஸ்கிரிவன் 1819இல் பிறந்தது அங்கேதான். அவருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண் கல்யாணத்துக்கு முந்தின நாள் தண்ணீரில் மூழ்கி இறந்துபோனாள். அவர் கனடாவுக்குப் போனார். ஊரில் துயரத்தில் இருந்த அம்மாவின் ஆறுதலுக்காக 1855இல் எழுதியதுதான் இந்தப் பாட்டு. மகன் அம்மாவுக்கு எழுதிய கடிதம் மாதிரி. அச்சுக்கென்று எழுதியது அல்ல. பிறகு கனடாவில் நிச்சயித்த பெண்ணும் நோயில் இறந்தாள். மனிதர் அங்கே விறகு அறுத்துக் கொடுத்துக்கொண்டு திரிந்தாராம், கூலி கொடுக்க வழியில்லாத வீடுகளுக்கு மட்டும்!

"என்னோடிரும், மா நேச கர்த்தரே" எழுதிய லைட் பிறப்பால் ஸ்காட்லாந்துக்காரர். படித்தது அயர்லாந்தில், ஊழியம் தொடங்கியது வெக்ஸ்ஃபோர்ட் பக்கம். "பிளவுண்ட மலையே" எழுதிய டாப்ளடி இங்கிலாந்தில் பிறந்தவர். பதின்வயதில் மனந்திரும்பியது அதே வெக்ஸ்ஃபோர்டில், ஒரு தானியக் கொட்டகையில் நடந்த கூட்டத்தில். நம் இடையன்குடி கால்டுவெல் ஐயர் 1814இல் பிறந்ததும் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில்தான். ஊருக்கு எழுதும்போது, "நான் பரதேசம் வரவில்லை, பாட்டுப் புத்தகத்துக்குள் வந்திருக்கிறேன்" என்று எழுதினேன்.

ஆனால் முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்கு அதிர்ச்சி. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது கத்தோலிக்கக் கோயில். உடன் வேலை பார்த்தவர் அழைத்தார், போனேன். யாரும் பாடவில்லை! பாட்டு ஒலிக்கிறது, ஜனங்கள் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். பாடச் சொன்னால் கூரையைத் தூக்கும் ஊரில் வளர்ந்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இதற்கு அங்குள்ளவர்கள் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து கத்தோலிக்கர்களுக்கு எதிராகச் சட்டத்துக்கு மேல் சட்டம் போட்டார்கள். மலைச்சரிவில் ஒரு பாறையைப் பீடமாக வைத்து, ஒருவனைக் காவல் நிறுத்திவிட்டுப் பூசை நடத்திய காலம் அது. அந்தப் பாறைகளை இன்றும் காட்டுகிறார்கள். காட்டில் ஒளிந்து கும்பிடுகிறவன் உரக்கப் பாடுவானா? முணுமுணுத்தே பழகிவிட்டார்கள். அது மட்டுந்தான் காரணமா என்று சரித்திரக்காரர்கள் தர்க்கம் செய்யட்டும். அந்தப் பாறை ஒன்றின் முன்னால் மழையில் நின்ற பிறகு எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

அப்படியானால் நாம் பாடும் இந்தப் பாட்டுகள் யாருடையவை? பெரும்பாலும் நிலமும் அதிகாரமும் கையில் வைத்திருந்த சிறுபான்மை ஆங்கிலிக்கச் சபைக்காரர்களுடையவை. அந்தச் சபைக்குக் கத்தோலிக்கக் குடியானவனும் தசமபாகம் கட்ட வேண்டியிருந்தது. அரசாங்க சபை என்ற அந்தஸ்து 1871இல்தான் போனது.

இங்கே ஓர் அம்மையாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கிறிஸ்துமஸுக்கு "ராஜன் தாவீதூரிலுள்ள மாட்டுக் கொட்டில் ஒன்றிலே" பாடுகிறோமே, அதை எழுதிய சிசில் பிரான்சஸ் அலெக்சாண்டர். டப்ளினில் பிறந்து ஸ்டிரபேனில் வளர்ந்தவர். அப்பா பெரிய பிரபு ஒருவரின் நிலத்தைப் பார்த்துக்கொண்ட காரியஸ்தர். அம்மையார் குழந்தைகளுக்காக எழுதிய பாட்டுப் புத்தகம் 1848இல் வந்தது. இங்கிலீஷ் பள்ளிகளில் காலையில் பாடும் "ஆல் திங்ஸ் பிரைட்" பாட்டும் அதில்தான் இருக்கிறது. பூவைப் படைத்தார், பறவையைப் படைத்தார் என்று போகும் அந்தப் பாட்டின் நடுவே ஒரு கவி, அதாவது ஒரு சரணம், வருகிறது: மாளிகையில் பணக்காரன், அவன் வாசலில் ஏழை, இரண்டு பேர் நிலையையும் வகுத்தவர் கடவுள்.

1848! உருளைக்கிழங்குப் பயிர் அழுகிய பஞ்சம் தொடங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்தப் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னும் பத்து லட்சம் பேர் கப்பல் ஏறினார்கள். வாசலில் ஏழை நின்றது கற்பனை அல்ல.

அம்மையார் கல்நெஞ்சக்காரி என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் புத்தகத்தில் வந்த பணம் காதுகேளாத பிள்ளைகளின் பள்ளிக்குப் போனது. ஏழை வீடுகளுக்கு நடந்தே போய்ப் பார்த்தவர். அதுதான் என்னை உறுத்துகிறது. இவ்வளவு இரக்கம் உள்ளவருக்கும் மாளிகையும் வாசலும் மலையும் ஆறும் போலத் தெரிந்திருக்கின்றன.

டோனாவூர் அம்மா ஏமி கார்மைக்கேல் இங்கே வருவதற்கு முன் பெல்ஃபாஸ்டில் ஆலைத் தொழிலாளிப் பெண்களிடையே ஊழியம் செய்தார். தொப்பி வாங்கக் காசில்லாமல் சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு வரும் பெண்கள். அவர்கள் ஆலயத்துக்குள் வந்து உட்கார்ந்ததைக் கௌரவமான குடும்பங்கள் விரும்பவில்லை. அவர்களுக்கென்று தனியாக ஒரு தகரக் கூடம் எழுந்தது.

இன்றைய அயர்லாந்தைப் பற்றி அதிகம் சொல்ல மனமில்லை. 1979இல் போப்பாண்டவரைப் பார்க்க ஃபீனிக்ஸ் பூங்காவில் பத்து லட்சத்துக்கு மேல் கூடிய நாடு. சபை நடத்திய விடுதிகளில் பிள்ளைகள் பட்ட கொடுமை 2009இல் அறிக்கை அறிக்கையாக வெளிவந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 2016இல் 79 சதவீதம் பேர் தங்களைக் கத்தோலிக்கர் என்று எழுதினார்கள், 2022இல் 69. என் வார்டில் ஒரு கிழவி செபமாலையைத் தலையணைக்கு அடியில் வைத்திருப்பார். கோயிலுக்குப் போய்ப் பத்து வருடம் ஆயிற்று என்பார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்.

அந்த வாசல் கவியை இப்போது பெரும்பாலான பாட்டுப் புத்தகங்கள் நீக்கிவிட்டன. நீக்கியிருக்க வேண்டாம் என்பது என் கட்சி. பாட வேண்டாம், ஆனால் பக்கத்தில் இருக்கட்டும். நீக்கிவிட்டால் அப்படி ஒருத்தன் நின்றதே தெரியாமல் போய்விடும்.

சின்ன வயதில் ஒருநாள் ஆச்சியிடம் கேட்டேன்: "நம் ஊர் இத்தனை சின்ன ஊர், எல்லாரும் ஒரே பாமாலைதானே பாடுகிறோம், பிறகு ஏன் மேலத்தெருவுக்கு ஓர் ஆலயம், கீழத்தெருவுக்கு ஓர் ஆலயம்?"

ஆச்சி என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஏட்டி, பாட்டுப் புத்தகத்தை எடு. ரெண்டாம் மணி அடித்துவிட்டது" என்றார்.