பெரட்டுத் தப்பும் காமன் தப்பும்

அன்பு நேயர்களுக்கு வணக்கம். துன்பத்துக்கு நடுவிலும் நம்பிக்கை என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தலைப்பைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். எல்ல என்கிற மலையூர்ப் பக்கம் போகிற கோச்சியில், அதாவது ரயிலில், தொங்கிக்கொண்டு படம் எடுக்கிறவர்களும் மலை அழகு என்றுதான் சொல்கிறார்கள். கொழுந்து எடுக்கிற அக்காவின் காலில் ஏறிய அட்டை அந்தப் படத்தில் விழாது. ஆகவே மலையின் அழகை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நம் ஆட்கள் தாங்களே உண்டாக்கிய அழகு ஒன்று இருக்கிறது, காமன் கூத்து; அதைச் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் விடியுமுன்னே தப்படித்துத்தான் தோட்டத்து ஆட்களை எழுப்பினார்கள். வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்காக அடிக்கிற பறை அது, பெரட்டுத் தப்பு. சத்தம் கேட்டதும் 10 அடிக்கு 12 அடிக் காம்பராவிலிருந்து, அதாவது லயன் என்கிற வரிசை வீட்டின் ஒற்றை அறையிலிருந்து, எழும்பி ஓடவேண்டும். பிந்தினால் அன்றைக்குப் பேர், அதாவது ஒரு நாள் வேலைக் கணக்கு, கிடையாது.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் ஊன்றிவிட்டால், அதாவது காமன் கம்பம் நட்டுக் கூத்தைத் தொடங்கிவிட்டால், இரவில் அந்தத் தப்பு வேறு பேச்சுப் பேசும். சருகைக் கொளுத்தித் தோலைச் சூடு காட்டி, முறுக்கேற்றி அடிப்பார்கள். பகல் முழுக்கத் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மனுசன் சேலை கட்டி ரதியாக வந்து நிற்பார். ஆடுகிறவர்கள் வழக்கமாக ஆண்கள்தான்; பெண்களுக்கும் இடம் கொடுத்தால் என்ன என்பது என் கட்சி, அது கிடக்கட்டும்.

கதை உங்களுக்குத் தெரியும். சிவனுடைய தவத்தைக் கலைக்கப் போன மன்மதன் எரிந்து சாம்பலாகிறான். ரதி புலம்புகிறாள். கடைசியில் அவன் உயிர்த்து எழுகிறான், ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். கூத்திலே எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இந்தக் கணக்குத்தான். போனது முழுசாகத் திரும்பி வரவில்லை. வந்த மட்டுக்கும் அவள் வாங்கிக்கொள்கிறாள், வாங்கிக்கொண்டு ஆடுகிறாள்.

நம் கதையும் அப்படித்தானே? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். அண்ணன் அந்தப் பக்கம், தங்கை இந்தப் பக்கம். வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லிவிட்டுத் இந்தியாவுக்குக் கப்பல் பிடிக்கத் தலைமன்னார் கோச்சி ஏறினார்கள். அந்த வருசங்களில் ரதி புலம்பலைக் கேட்டவர்கள் மன்மதனுக்காக மட்டும் அழவில்லை என்று அம்மா சொல்லுவார். அழுதவர்கள் மறு மாசியிலும் காமன் ஊன்றினார்கள். மிச்சமிருந்தவர்களின் குடியுரிமைக்கு 2003இல்தான் சட்டம் வந்தது. வீட்டுக்கும் காணிக்கும் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். 2014இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து லயன்கள் புதைந்தபோது, அந்தக் காணிப் பேச்சு எவ்வளவு அவசரமானது என்று நாடே பார்த்தது.

இதையெல்லாம் கூத்து மாற்றாது. கூலியைக் கூட்டித் தராது, லயத்துக் கூரையை மாற்றித் தராது. ஆனால் விடிந்தால் பேராகவும் கொழுந்துக் கிலோவாகவும் எண்ணப்படுகிற ஒருவர், அந்த இரவில் தேவலோகத்து ஆளாக நிற்கிறார். ஊரே விழித்திருந்து அவரைப் பார்க்கிறது. அதை அவருக்கு எந்தத் துரையும் கொடுக்கவில்லை.

இப்போது பையன்கள் பாதிப்பேர் கொழும்புக் கடைகளில் நிற்கிறார்கள். சில தோட்டங்களில் ரதி வேசத்துக்கு ஆள் தேடவேண்டியிருக்கிறது. தம்பிமாரே, மாசிக்கு ஊருக்கு வருவதென்றால் முதலாளியிடம் இப்போதே லீவு சொல்லி வையுங்கள். வணக்கம்.