மண் துரியோதனனும் இரண்டு முக்கோணங்களும்

நடுவர் ஐயா, அவையோரே, வணக்கம். மனித மூளையை ஓட்டுவது கணக்கா, கதையா? கதைதான். தலைப்பு அவ்வளவுதான், இப்போது அண்ணனிடம் வருகிறேன்.

எதிரணி அண்ணன் ஒரு போடு போட்டார், நீங்களும் கை தட்டினீர்கள். "படுகளத்தில் மண் துரியோதனனைத் துடைப்பத்தால் அடிக்கிற ஊர்க்காரங்க மூளையைப் பத்திப் பேச வந்துட்டாங்க!" படுகளம் என்றால், திரௌபதி அம்மன் திருவிழாவில் துரியோதனன் சாகிற காட்சி; அவனை மண்ணால் செய்து கிடத்துவார்கள். அண்ணே, எங்கள் ஊர் வேலூர் மாவட்டத்து அணைக்கட்டுப் பக்கம். அடித்தவர்களில் எங்கள் ஆயாவும், அதாவது பாட்டியும், உண்டு. விட முடியுமா?

1944இல் அமெரிக்காவில் ஹைடர், சிம்மல் என்று இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு குட்டிப் படம் எடுத்தார்கள். நடிகர்கள் யார் தெரியுமா? ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு வட்டம். கதவு வைத்த கட்டம் ஒன்று, அதுதான் செட்டிங். வசனம் இல்லை, பாட்டு இல்லை. 34 பேருக்குப் போட்டுக்காட்டி, என்ன நடந்தது எழுதுங்கள் என்றார்கள். பெரிய முக்கோணம் வில்லனாம்! சின்ன முக்கோணமும் வட்டமும் காதலர்களாம்! வட்டம் பயந்துபோய் வீட்டுக்குள் ஓடுகிறதாம்! வட்டம், ஐயா! காம்பஸில் போடுகிற வட்டம்! முக்கோணம் நகர்ந்தது, வட்டம் நகர்ந்தது என்று வெறும் ஜியோமெட்ரியாக எழுதியவர் 34 பேரில் ஒரே ஒருவர். அவர் அண்ணனுக்குத் தூரத்துச் சொந்தமா என்று விசாரிக்க வேண்டும். மற்றவர்கள் கையில் ஒரு துடைப்பத்தைக் கொடுத்திருந்தால் திரை கிழிந்திருக்கும்.

கை தட்டினவர்களே, வேலூர்க் கோட்டையிலிருந்து விரிஞ்சிபுரத்துக்குச் சுரங்கம் போகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லாதவர் யார் இங்கே? உள்ளே போய்ப் பார்த்தவர் யார்?

சரி, எங்கள் ஆயா. பாரதப் போரின் கடைசி நாளை ராத்திரி முழுக்க ஆடுகிற பதினெட்டாம் போர் கூத்து முடிந்து விடிந்ததும் துடைப்பத்தோடு முதல் ஆளாக நிற்பாள். பங்காளிகள் பிடுங்கிக்கொண்ட முக்கால் ஏக்கர் நிலத்துக்கும் சேர்த்து அந்த மண் தொடையில் அடி விழும். மண் என்று தெரியாதா அவளுக்கு? முந்தின நாள் அந்த மண்ணைக் குழைக்கத் தண்ணீர் சுமந்தவளே அவள்தான்.

எங்கள் சித்தப்பா தவறிய வருஷமும் போனாள். சாவு வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள். துடைப்பத்தை ஓங்கிவிட்டாள், அந்த நேரம் பார்த்துக் காந்தாரி ஒப்பாரி வைக்கிறாள். காந்தாரி என்றால், மீசை மழித்த எங்கள் ஊர் டீக்கடைக்காரர். ஆயாவுக்குப் பால் காசு பாக்கி வைத்திருந்த மனுஷன். ஆயா துடைப்பத்தைக் கீழே போட்டாள். அவர் பக்கத்தில் போய் மண்ணிலேயே உட்கார்ந்தாள். "கெட்டவன்தான், ஆனா பெத்தவளுக்குப் புள்ள ஆச்சே" என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள் பாருங்கள், வேஷக்காரரும் பாட்டை விட்டுவிட்டுக் கூடவே அழுதார்.

துரியோதனனுக்கா சித்தப்பாவுக்கா என்று நான் கேட்கவில்லை. நான் அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே வீட்டுக்கு நடந்தேன்.

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார். வணக்கம்.