வாய்தாவுக்குள் நுழையும் வெளிநாடு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "வெளிநாட்டு நெருக்கடியிலிருந்து வழக்கைக் காப்பது அரசின் துணிவா, நீதிமன்றத்தின் வேகமா?" வேகமே என்று பேச வந்திருக்கிறேன். டெல்லி நிமிர்ந்து நின்றிருந்தால் இத்தாலி வழக்கு கைநழுவியிருக்காது என்றார் எதிரணி நண்பர். அந்த வழக்கையே எடுத்துக்கொள்வோம்.

2012 பிப்ரவரி 15. கேரளக் கரையிலிருந்து 20.5 கடல் மைல். 'என்ரிகா லெக்ஸி' எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு இருந்த இத்தாலியக் கடற்படையினர் சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கொல்லம், இன்னொருவர் நம் கன்னியாகுமரி மாவட்டம். மே 18-இல் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது. மூன்றே மாதம்!

அதன் பிறகுதான் சறுக்கல். விசாரிக்கும் அதிகாரம் கேரளாவுக்கா, மத்திய அரசுக்கா என்பது தீரவே 2013 ஜனவரி ஆனது. பிறகு தேசியப் புலனாய்வு முகமை வந்தது. மரண தண்டனைக்கு இடமுள்ள கடற்பயணப் பாதுகாப்புச் சட்டம் பொருந்துமா என்று இழுபறி. ஐரோப்பிய ஒன்றியம் எதிர்த்தது. 2014 பிப்ரவரியில் மத்திய அரசு அந்தச் சட்டத்தைக் கைவிட்டது. அரசைத் திட்டிப் பயனில்லை ஐயா. வணிகமும் நட்பும் பார்த்துப் பேரம் பேசுவது அதன் வேலை. பேரத்துக்கு நேரம் கொடுத்தது யார்?

இடையில் ஒரு காட்சி. 2013-இல் இத்தாலித் தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டு வர, குற்றம் சாட்டப்பட்ட கடற்படையினர் இருவருக்கும் உச்ச நீதிமன்றம் நான்கு வாரம் அனுமதி தந்தது. திருப்பி அனுப்புவதாக இத்தாலியத் தூதர் எழுத்தில் உறுதி தந்தார். மார்ச் 11-இல் "வரமாட்டார்கள்" என்றது ரோம். தூதர் நாட்டைவிட்டுப் போகக்கூடாது என்றது உச்ச நீதிமன்றம். வாக்குக் கொடுத்துவிட்டு, தூதர்களை வழக்கிலிருந்து காக்கும் விலக்குரிமை பேச முடியாது என்றார்கள் நீதிபதிகள். மார்ச் 22-இல் இருவரும் திரும்பினார்கள். அரசும் பேசியது, மறுக்கவில்லை. ஆனால் பேசுவதற்குப் பிடி கொடுத்தது அந்த உத்தரவு.

அதே நீதிமன்றம் விசாரணையைத் தொடங்க வைத்திருக்க வேண்டாமா? 2015 ஆகஸ்ட் 24-இல் ஹாம்பர்க் கடல்சட்டத் தீர்ப்பாயம் நடவடிக்கைகளை நிறுத்தச் சொன்னபோது, மூன்றரை ஆண்டாகியும் விசாரணையின் முதல் படியாக நீதிமன்றம் குற்றச்சாட்டை வனைவதுகூட, அதாவது முறைப்படி பதிவதுகூட, நடக்கவில்லை. அந்தக் கடற்படையினரை விசாரிக்க இந்தியாவுக்கு அதிகாரமில்லை, இழப்பீடு மட்டும் உண்டு என்று 2020-இல் சர்வதேச நடுவர் மன்றத் தீர்ப்பு. 2021-இல் 10 கோடி ரூபாயோடு நம் வழக்கு முடிந்தது. 2022 ஜனவரியில் ரோமும் தன் வழக்கை மூடிவிட்டது. இங்கே விசாரணை நடந்திருந்தால் அந்த நடுவர் மன்றம் வேறு மாதிரி சொல்லியிருக்கும் என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் மீன்படகில் இருந்தவர்களின் சாட்சியம் குறுக்கு விசாரணையைத் தாண்டி ஏட்டில் ஏறியிருக்கும். அதுகூட நம்மிடம் இல்லையே!

பிரேசிலைப் பாருங்கள். ஆட்சிக் கவிழ்ப்புச் சதி வழக்கில் முன்னாள் அதிபர் பொல்சொனாரோ மீதான குற்றச்சாட்டை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச் 26-இல் ஏற்றது. வழக்கை நிறுத்தச் சொல்லி ஜூலை 9-இல் டிரம்ப் கடிதம். கூடவே பிரேசில் பொருட்களுக்கு 50 சதவீத வரி. ஜூலை 30-இல் வழக்கை நடத்திய நீதிபதி மொராயிஸ் மீதே அமெரிக்கப் பொருளாதாரத் தடை. ஒரு வாய்தாகூட அதற்காகத் தள்ளிப்போகவில்லை. செப்டம்பர் 11-இல் நான்குக்கு ஒன்று என்று தீர்ப்பு: 27 ஆண்டு 3 மாதம் சிறை. நவம்பர் 20-இல் காபி, மாட்டிறைச்சி மீதான கூடுதல் வரியை அமெரிக்காவே நீக்கிக்கொண்டது.

நடுவர் அவர்களே, அவர்களுக்கு ஐந்தரை மாதம். நமக்கு மூன்றரை ஆண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள்.