டிசம்பர்ல காபிப் பூ பூக்க வச்ச கதை | ஏற்காடு வ்லாக்

வணக்கம் மக்களே, ஏற்காடு ஏரி ரோட்டோரமா உக்காந்துருக்கேன், பனி மூடிருச்சு, பின்னாடி வ்யூ ஒன்னும் தெரியாது, என் மூஞ்சியத்தான் பாத்துக்கணும். நெறைய பேர் கேட்டிருந்தீங்க, எழுதுனத எப்படிண்ணா திருத்துறீங்கன்னு.

ஒரு பத்திரிகைக்கு ஏற்காடு பத்தி கட்டுரை எழுதுனேன். ஆரம்பமே "இயற்கை எழில் கொஞ்சும் சேர்வராயன் மலையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், ஏழைகளின் ஊட்டி என்று அழைக்கப்படும்..." அப்படியே போகுது. சேலத்துல வீட்ல அம்மாகிட்ட சத்தமா படிச்சுக் காட்டுனேன், அவங்க வெங்காயம் உரிச்சுட்டே கேட்டுட்டு, ரெண்டு பத்தி தாண்டுனதும் "ஏங் கண்ணு, பஸ்ஸு இன்னும் கெளம்பலயா?"ன்னாங்க.

ரெண்டு பத்தியும் தூக்கிட்டேன். இப்ப எங்க ஆரம்பிக்குதுன்னா, 20 கொண்டை ஊசி வளைவுல ஏழாவதுல, பக்கத்து சீட்டு பாட்டி எலுமிச்சம்பழத்த மோந்து பாத்துட்டே எனக்கும் ஒன்னு நீட்டுறாங்கள்ல, அங்க. அது மொதல்ல ஆறாவது பத்தில கெடந்துச்சு!

சத்தமா படிச்சா "கருதப்படுகிறது", "என்பது குறிப்பிடத்தக்கது" எல்லாம் வாயில வந்து முட்டும், யாருங்க அப்படி பேசுறா? ஆனா ஒற்றுப் பிழை எனக்கு காதுல மாட்டல. மறுநாள் பிரிண்ட் எடுத்துப் பாத்தா "எஸ்டேட்காரர் தந்தப் பெட்டி"ன்னு இருக்கு. அவர் குடுத்தது அட்டைப் பெட்டி, நான் ஒரு 'ப்' சேத்து யானைத் தந்தத்துல செஞ்சுட்டேன்.

இதெல்லாம் சின்னது. டிசம்பர்ல போனேன், காபித் தோட்டம் வெள்ளை வெளேர்னு பூத்துக் கெடந்துச்சுன்னு எழுதியிருந்தேன். நெசமா பாத்தேனான்னா இல்ல, வேறொரு வருஷம் ஏப்ரல்ல பாத்தது, அழகா இருக்கேன்னு எடுத்து இதுல ஒட்டிட்டேன். கட்டுரைல வர்ற தோட்டத்து அக்காகிட்டயே படிச்சுக் காட்டுனதுல மாட்டுனேன். "டிசம்பர்ல நாங்க பழம் பறிச்சுட்டு இருப்போம், பூ எங்க சாமி வந்துச்சு? மார்ச் ஏப்ரல்ல ஒரு மழை எறங்கணும், அப்பத்தான் பூக்கும், அதும் ரெண்டு மூணு நாள்ல வாடிரும்"னாங்க. அப்புறம் பூவ எடுத்துட்டு, அவங்க பச்சைய விட்டுட்டு செவந்த பழமா பாத்துப் பாத்து பறிக்கறத எழுதுனேன், எனக்கே இதுதான் புடிச்சுது. எழுத்து நடை பாக்க ஆயிரம் பேர் இருக்காங்க, இந்தத் தப்ப அந்தக்கா மட்டும்தான் புடிக்க முடியும்.

கடைசி வரி "வியர்வை சிந்தி உழைக்கும் பெண்கள்"னு உருக்கமா முடிச்சிருந்தேன். அதுக்குத்தான் பக்கத்துல நின்ன எல்லாருமே சிரிச்சாங்க. "இந்தக் குளிர்ல எங்க சாமி வேர்க்குது? வெரலு மரத்துப் போகுது, அத எழுது."

அத எழுதியாச்சு. சரி, கீழ எறங்குற பஸ் வந்துருச்சு, பை.