பேக்கேஜ் பெயரில் இல்லாத பிராசஸர்

திரையில் தெரிகிறதா? எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்குகிறேன். ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன், கோர் டம்ப்டு.’ போன வாரம் இரண்டு ராத்திரி என் தூக்கத்தைக் கெடுத்தது இந்த ஒற்றை வரிதான். இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பின்னால் ஃபேன் இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், டெஸ்க்டாப் இன்னும் கம்பைல் செய்துகொண்டிருக்கிறது, அதாவது எழுதிய கோடை மெஷின் ஓட்டும் பைனரியாக மாற்றிக்கொண்டிருக்கிறது.

நடந்தது என்னவென்றால், என் லினக்ஸ் மெஷின்களில் படங்களைச் சிறிதாக்க நானே எழுதி வைத்திருக்கும் ஒரு சின்ன புரோகிராம் இருக்கிறது. அதை டெஸ்க்டாப்பில் கம்பைல் செய்து, பேக்கேஜாகக் கட்டி, எனக்கென்று வைத்திருக்கும் ரிப்போவில் (பேக்கேஜ் கிடங்கில்) போட்டுவிடுவேன், பழைய லேப்டாப் அப்டேட் செய்யும்போது அங்கிருந்து இழுத்துக்கொள்ளும். ரொம்ப நாளாக ஒரு தொல்லையும் இல்லை. போன வாரம் கை சும்மா இருக்காமல், இன்னும் வேகமாக ஓடட்டுமே என்று ஜிசிசி கம்பைலருக்குத் தரும் ஃபிளாகில் ‘எம்ஆர்ச் நேட்டிவ்’ சேர்த்தேன். ‘இந்த மெஷினில் என்ன பிராசஸர் இருக்கிறதோ, அதில் உள்ள எல்லா இன்ஸ்ட்ரக்‌ஷனையும் பயன்படுத்திக்கொள்’ என்று கம்பைலரிடம் சொல்வதுதான் அது. டெஸ்க்டாப்பில் நன்றாக ஓடியது. லேப்டாப்பில் இன்ஸ்டால் ஆகும்போதும் ஒரு முணுமுணுப்பு இல்லை. ஓடவிட்டேன், செத்துவிட்டது.

செத்தபோது பதிவான கோர் ஃபைலை ஜிடிபி டீபக்கரில் திறந்து, செத்த இடத்தில் என்ன இன்ஸ்ட்ரக்‌ஷன் இருக்கிறது என்று பார்த்தேன். இதோ, இந்த அம்புக்குறிக்குப் பக்கத்தில்: விஎஃப்எம்ஆட்231பிஎஸ். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இரண்டு எண்களைப் பெருக்கி மூன்றாவது எண்ணோடு கூட்டுவதை ஒரே அடியில் செய்கிற இன்ஸ்ட்ரக்‌ஷன், எஃப்எம்ஏ என்பார்கள். என் லேப்டாப்பில் இருப்பது ஐவி பிரிட்ஜ், 2012ஆம் ஆண்டு வந்த இன்டெல் தலைமுறை. அதில் ஏவிஎக்ஸ் (பல எண்களை ஒரே அடியில் கணக்கிடும் இன்ஸ்ட்ரக்‌ஷன் தொகுப்பு) உண்டு, அதற்கு அடுத்து வந்த ஏவிஎக்ஸ்2 கிடையாது, எஃப்எம்ஏவும் கிடையாது. தெரியாத மொழியில் கட்டளை வந்ததும் பிராசஸர் கையை விரித்துவிட்டது, கெர்னல் புரோகிராமை மூடிவிட்டது.

சரி, தப்பு என் மேல்தான். ஆனால் எனக்கு உறுத்தியது வேறு. பேக்கேஜ் மேனேஜர் ஏன் வாயே திறக்கவில்லை? இரண்டு மெஷினிலும் பேக்கேஜ் மேனேஜரான டிபிகேஜியிடம் ‘நீ என்ன ஆர்க்கிடெக்சர்’ என்று கேட்டேன். டெஸ்க்டாப் ‘ஏஎம்டி64’ என்கிறது. லேப்டாப்பும் ‘ஏஎம்டி64’ என்கிறது. (இன்டெல் சிப்பாக இருந்தாலும் அதே பெயர்தான், அந்த 64 பிட் வடிவத்தை உருவாக்கியது ஏஎம்டி, அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.) பேக்கேஜின் லேபிளிலும் ‘ஏஎம்டி64’. மூன்றும் பொருந்துகின்றன, அப்புறம் அது எதைத் தடுக்கும்? நான் உள்ளே எந்தச் சிப்புக்கான சரக்கை வைத்தேன் என்பது லேபிளில் இல்லவே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், 32 பிட் காலத்தில் இது லேபிளில் இருந்தது. பழைய ஆர்பிஎம் பேக்கேஜ் ஃபைல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரே கெர்னல் ஐ386, ஐ586, ஐ686 என்று தனித்தனிப் பெயரில் வரும். 64 பிட் வந்தபோது எல்லா சிப்பும் ஒரே அடிப்படையிலிருந்து தொடங்கியதால் அந்த வழக்கம் தேவைப்படவில்லை. அந்த அடிப்படை 2003இல் வந்த ஏஎம்டியின் ஆப்டெரான் சிப் காலத்தது. இன்றைக்கும் பல லினக்ஸ் டிஸ்ட்ரோக்கள் தரும் பைனரி அந்தச் சிப்பிலும் ஓடும்படிதான் கம்பைல் ஆகிறது. நீங்கள் போன மாதம் வாங்கிய மெஷினாக இருந்தாலும், அதில் ஓடும் பாதிச் சரக்கு எஸ்எஸ்இ2 என்ற பழைய இன்ஸ்ட்ரக்‌ஷன் தொகுப்போடு நின்றுவிட்டது.

இதைச் சரிசெய்ய 2020இல் ஏஎம்டி, இன்டெல், ரெட் ஹாட், சூசே நான்கு பேரும் சேர்ந்து படிகள் வகுத்தார்கள். வி1 அந்தப் பழைய அடிப்படை. வி2 என்றால் எஸ்எஸ்இ4.2, பாப்கவுன்ட் வரை, இன்டெலில் ஏறக்குறைய நெஹாலம் காலம். வி3தான் எல்லோரும் பேசுவது: ஏவிஎக்ஸ்2, எஃப்எம்ஏ, பிஎம்ஐ2 எல்லாம் அதில்தான், இன்டெலில் 2013இன் ஹாஸ்வெல் முதல். வி4 ஏவிஎக்ஸ்-512, அதை இன்றைக்கு விட்டுவிடுவோம்.

உங்கள் மெஷின் எந்தப் படி என்று பார்க்க எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) 2.33 அல்லது அதற்குப் பிறகு வந்ததாக இருந்தால், புரோகிராம் தொடங்கும்போது லைப்ரரிகளை இணைத்துத் தரும் டைனமிக் லிங்கரையே நேராகக் கூப்பிட்டு ‘ஹெல்ப்’ கேளுங்கள். நீளமாக என்னென்னவோ கொட்டும், கடைசிப் பக்கம் போங்கள். இதோ என் டெஸ்க்டாப்: வி4 என்று மொட்டையாக இருக்கிறது, வி3க்குப் பக்கத்தில் ‘சப்போர்ட்டட், சர்ச்சுடு’, வி2வுக்கும் அதே. லேப்டாப்பில் அந்தச் சொல் வி2வுக்குப் பக்கத்தில் மட்டும். இந்த ஒரு வரியைப் போன வாரமே பார்த்திருந்தால் இந்த வீடியோவே இருந்திருக்காது.

ஒன்று சொல்லிவிடுகிறேன், வாங்கிய வருடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ‘என்னுடையது 2013க்கு அப்புறம் வந்தது, அப்போ வி3’ என்று கணக்குப் போட்டால் மாட்டுவீர்கள். ஸ்கைலேக் வழி வந்த பென்டியம், செலரான் பலவற்றில் ஏவிஎக்ஸையே அடைத்து வைத்துத்தான் விற்றார்கள். விர்ச்சுவல் மெஷின் என்றால் இன்னும் மோசம், கீழே இருப்பது எவ்வளவு புதுச் சிப்பாக இருந்தாலும், விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் க்யூஎம்யூவில் சிபியு மாடலை மாற்றாமல் விட்டால் உள்ளே இருக்கும் கெஸ்டுக்கு ஏவிஎக்ஸ்2 கண்ணில்கூடப் படாது. சிப்பைத்தான் கேட்க வேண்டும், பெட்டியைக் கேட்கக் கூடாது.

அப்புறம், பேக்கேஜ் மேனேஜர்கள் இதை எப்படிச் சமாளிக்கின்றன என்று தேடிப் பார்த்தேன். முதலில் தெரிந்தது, நிறைய இடத்தில் அவை எதுவுமே செய்யத் தேவையில்லை. ஜிலிப்சியின் மெம்காப்பி (மெமரியில் தரவைப் படியெடுக்கும் ஃபங்ஷன்) ஒரே பைனரிக்குள் பல வடிவங்களை வைத்திருக்கிறது, ஓடத் தொடங்கும்போது சிப்பைப் பார்த்துத் தானே ஒன்றை எடுத்துக்கொள்ளும். கணித லைப்ரரியான ஓப்பன்பிளாஸையும் அப்படிக் கட்டலாம், வீடியோவைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் அப்படித்தான். ஆகவே எஃப்எஃப்எம்பெக்கை நேட்டிவில் கம்பைல் செய்துவிட்டு ‘ஆஹா வேகம்’ என்று சொல்பவர்களிடம் அளந்து பார்த்தீர்களா என்று கேளுங்கள். கையால் எழுதிய அசெம்பிளி அதில் முன்பே ஏவிஎக்ஸ்2வில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது லைப்ரரிக்கு மட்டும் ஒரு வழி. ஜிலிப்சி எச்டபிள்யூகேப்ஸ் என்று ஒரு டைரக்டரி வைத்திருக்கிறது, அதற்குள் வி3 என்று ஒரு டைரக்டரி, அங்கே அதே லைப்ரரியின் வி3 வடிவம். சிப் தாங்குமானால் லிங்கர் அதை எடுக்கும், இல்லையென்றால் பழையதை எடுக்கும். ஓப்பன்சூசே டம்பிள்வீட் சில லைப்ரரிகளுக்கு இப்படிச் செய்கிறது. டிஸ்கைக் கழற்றி வேறு மெஷினில் போட்டாலும் சாகாது என்பதால் எனக்கு இது ரொம்பப் பிடித்தது. ஆனால் லைப்ரரிக்கு மட்டும்தான், புரோகிராமின் சொந்த பைனரிக்குப் பலன் இல்லை.

மூன்றாவது, முழு டிஸ்ட்ரோவையும் தூக்கி நிறுத்துவது. ரெட் ஹாட்டின் ஆர்எச்இஎல் 9 வி2வுக்குப் போனது, ஆர்எச்இஎல் 10 வி3க்குப் போய்விட்டது, பழைய சிப் வைத்திருப்பவர்களுக்கு ஆல்மாலினக்ஸ் 10 தனியாக வி2 பில்டு தருகிறது. உபுண்டு 25.10இல் வேறு மாதிரி, ஏஎம்டி64வி3 என்று ஒரு வேரியன்ட், அதன் பேக்கேஜ் மேனேஜர் ஏபிடியின் கான்ஃபிகரேஷனில் ஒரு வரி சேர்த்தால் அங்கிருந்து எடுக்கத் தொடங்கும். லேபிளில் சிப்பின் பெயர் திரும்பி வந்துவிட்டது பாருங்கள், அதைத்தான் நான் தேடினேன்.

ஆனால் இதை மிகச் சரியாகச் செய்திருப்பது ஸ்பேக் என்பது என் அபிப்பிராயம். சூப்பர்கம்ப்யூட்டர் ஆட்கள் வைத்திருக்கும் பேக்கேஜ் மேனேஜர், லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் பிறந்தது. அங்கே பிரச்சினையே வேறு, நீங்கள் உள்ளே நுழையும் லாகின் நோடில் (நோடு என்றால் அந்தக் கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர்) ஒரு சிப், வேலை ஓடும் நோடில் இன்னொரு சிப். லாகின் நோடில் உட்கார்ந்து நேட்டிவ் என்று கம்பைல் செய்தால் ஒன்று வேலை ஓடும் நோடில் வேகம் குறையும், இல்லை என் லேப்டாப் மாதிரிச் சாகும். அதனால் ஸ்பேக்கில் ‘டார்கெட்’, அதாவது எந்தச் சிப்புக்காகக் கட்டுகிறோம் என்பது, பேக்கேஜின் அடையாளத்திலேயே ஒரு பகுதி. வெர்ஷன் போல, கம்பைலர் போல, அதுவும் பேக்கேஜைத் தனித்துக் காட்டும் ஹேஷுக்குள் போகிறது. ஒரே லைப்ரரி ஏஎம்டியின் ஜென் 3க்கு ஒன்று, ஹாஸ்வெல்லுக்கு ஒன்று என்று பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், ஒன்றை ஒன்று மிதிக்காது.

இதற்கு அடியில் ஆர்க்ஸ்பெக் என்று ஒரு சின்ன லைப்ரரி இருக்கிறது, நான் அரை நாள் அதிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிராசஸர்களுக்கு வம்சாவளி எழுதி வைத்திருக்கிறார்கள். ஜென் 3க்கு அப்பா ஜென் 2, அதற்கு அப்பா ஜென், மேலே போனால் வி3, அதற்கு மேல் வி2. அப்பாவுக்குக் கட்டியது பிள்ளைக்குப் பொருந்தும், பிள்ளைக்குக் கட்டியது அப்பாவுக்குப் பொருந்தாது. இவ்வளவுதான் விதி. இதோடு, எந்தக் கம்பைலர் எந்த வெர்ஷனிலிருந்து எந்தச் சிப்பை அறியும் என்பதும் அதில் இருக்கிறது. பழைய ஜிசிசியிடம் ஜென் 3 என்றால் முழிக்கும், அப்போது ஸ்பேக் தானே இறங்கி, கம்பைலருக்குத் தெரிந்த மூதாதையை எடுக்கிறது. டார்கெட்டின் கிரானுலாரிட்டியை (எவ்வளவு நுணுக்கமாகப் பிரிப்பது என்பதை) ‘ஜெனெரிக்’ என்று மாற்றினால் ஜென் 3 என்ற அளவுக்கு இறங்காமல் வி3 என்று நின்றுகொள்ளும், ஒரு பில்டைப் பல மெஷினுக்குப் பகிர அதுதான் வசதி.

இப்போது நீங்கள் கேட்கப் போவது தெரியும், ‘இவ்வளவு பாடுபட்டு எவ்வளவு வேகம்?’ உபுண்டு பக்கம் முழு ஆர்க்கைவையும் வி3க்கு மறுபடி கட்டிப் பார்த்துச் சொன்னது, பெரும்பாலான பேக்கேஜுக்கு ஏறக்குறைய 1 சதவீதம், கணக்குப் போடுகிற வகைப் பேக்கேஜுக்கு அதைவிடக் கூடுதல். என் அனுபவமும் அதே. ஷெல், எடிட்டர், ஃபைல் மேனேஜர் எல்லாம் முன்னே பின்னே ஒன்றும் தெரியவில்லை, அவை பெரும்பாலும் டிஸ்குக்கும் உங்கள் விரலுக்கும் காத்துக்கொண்டிருப்பவை. என் படம் சிறிதாக்கும் புரோகிராமில் மட்டும் நன்றாகவே தெரிந்தது, ஏனென்றால் அது நாள் முழுக்கப் பெருக்கிக் கூட்டுவதைத் தவிர வேறு எதுவும் செய்வதில்லை.

அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஜிசிசி 12க்கு முந்தைய வெர்ஷன்களில் ஓ2 என்ற ஆப்டிமைசேஷன் அளவில் லூப்களைத் தானாக வெக்டராக (பல எண்களை ஒன்றாகக் கணக்கிடும்படி) மாற்றாது, ஓ3 வேண்டும். நிறையப் பேக்கேஜ்கள் ஓ2வில்தான் கட்டப்படுகின்றன. அங்கே வி3 என்று எழுதுவது, நான்கு வழிச் சாலை போட்டுவிட்டு ஒரே வரிசையில் வண்டி விடுவது போலத்தான்.

இன்னொன்று, ‘உண்டு’ என்பதும் ‘வேகம்’ என்பதும் ஒன்றல்ல. ஜென், ஜென் 2 இரண்டும் வி3 தேர்வில் பாஸ். ஆனால் பிஎம்ஐ2வில் இருக்கும் பிடெப், பெக்ஸ்ட் (பிட்களை இடம் மாற்றும் இன்ஸ்ட்ரக்‌ஷன்கள்) இரண்டையும் அவை மைக்ரோகோடில், பல சிறு படிகளாக, உருட்டி உருட்டிச் செய்யும், ஜென் 3இல்தான் அது சரியானது. அந்த இரண்டையும் நம்பி எழுதிய கோடு அங்கே பழைய வழியைவிட மெதுவாக ஓடலாம்.

அப்புறம் என் டெஸ்ட். இதை எதிர்பார்க்கவே இல்லை. நேட்டிவில் கட்டியதும் ஒரு டெஸ்ட் ஃபெயில், எதிர்பார்த்த விடைக்கும் வந்த விடைக்கும் கடைசி இலக்கத்தில் வித்தியாசம். நான் ஒரு வரி கோடுகூட மாற்றவில்லை! காரணம் அதே எஃப்எம்ஏ. தனித்தனியாகப் பெருக்கிக் கூட்டினால் இரண்டு முறை முழுமையாக்குகிறோம் (ரவுண்டிங்), எஃப்எம்ஏ ஒரே முறைதான் முழுமையாக்கும். அதன் விடை பெரும்பாலும் உண்மைக்கு இன்னும் பக்கத்தில் இருக்கும், ஆனால் வேறு விடை. ஜிசிசி இதைக் கேட்காமலே செய்யும். ‘எஃப்எஃப்பி கான்ட்ராக்ட் ஆஃப்’ போட்டால் நின்றுவிடும், வேகமும் கொஞ்சம் போகும். நான் டெஸ்டைத்தான் மாற்றினேன், ஒரு சிறு இடைவெளியை அனுமதித்து. கடைசி இலக்கத்தை அப்படியே ஒப்பிட்டது என் சோம்பேறித்தனம்.

இப்போது என்ன செய்திருக்கிறேன் என்றால், நேட்டிவை எடுத்துவிட்டேன். வி2 ஒன்று, வி3 ஒன்று, இரண்டு பேக்கேஜ், பெயரின் கடைசியிலேயே படியை ஒட்டிவிட்டேன். இன்ஸ்டாலுக்கு முன் ஓடும் ஸ்கிரிப்டில் அந்த லிங்கர் ஹெல்ப்பைக் கூப்பிட்டு, படி பொருந்தாவிட்டால் அங்கேயே நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். அழகான தீர்வு இல்லை, வேலை செய்கிறது. இதோ லேப்டாப்பில் வேண்டுமென்றே வி3ஐப் போடுகிறேன்... பார்த்தீர்களா, மறுத்துவிட்டது.

உபுண்டு வேரியன்டை ஆன் செய்து பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. அதற்கு அப்புறம் அந்த டிஸ்கைக் கழற்றி வி2 மெஷினில் மாட்டினால் இப்படி ஒரு புரோகிராம் மட்டும் சாகாது, பூட்டே ஆகாமல் போகலாம். அப்படி மாற்றும் எண்ணம் இருந்தால் டிஸ்க் வி3 மெஷினில் இருக்கும்போதே, அந்த வரியை எடுத்து, வந்த பேக்கேஜ்களைச் சாதாரண வடிவத்துக்குத் திருப்பிவிட்டு, அப்புறம் ஸ்க்ரூடிரைவரை எடுங்கள். ஆ, கம்பைல் முடிந்துவிட்டது போல, ஃபேன் அடங்கிவிட்டது. ஒரு நிமிஷம், டெஸ்ட் பாஸா என்று பார்த்துவிடுகிறேன்... பாஸ்.