நியூசிலாந்துக் கறுப்பு அன்னம் அயல் பறவையா?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட கறுப்பு அன்னம், இங்கிலாந்தின் டாலிஷ் போன்ற ஊர்களில் மனிதரின் கவனிப்பில் வாழ்கிறது. நியூசிலாந்திலோ அது எவர் தயவுமின்றிக் காட்டுப் பறவையாகவே நிலைபெற்றுவிட்டது. ஆதலால் அந்நாட்டைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

1860களில் அங்கே குடியேறிய ஆங்கிலேயர், அயல்நாட்டு உயிரினங்களைக் கொண்டுவந்து பெருக்குவதற்கென்றே சங்கங்கள் வைத்திருந்தனர். கிறைஸ்ட்சர்ச் நகரின் ஏவன் ஆற்றை அடைத்துக்கொண்டிருந்த வாட்டர்கிரஸ் கீரையை மேய்வதற்காகவும் கறுப்பு அன்னங்கள் விடப்பட்டன. (அந்தக் கீரையும் ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்ததுதான்.) ஆனால் விடப்பட்டவை மிகச் சிலவே, அவை பரவிய வேகமோ வியப்பூட்டுவது. எனவே, அதே காலத்தில் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் இடையே ஏறத்தாழ 2,000 கி.மீ. அகலமுள்ள டாஸ்மான் கடலைத் தாண்டிச் சில அன்னங்கள் தாமாகவே பறந்து வந்திருக்க வேண்டும் என்று பறவையியலாளர் பலர் கருதுகின்றனர். நீரில் மிதக்கையில் முழுக் கருமையாகத் தோன்றும் இப்பறவை, எழுந்து பறக்கும்போது சிறகோரத்து வெண்ணிற இறகுகளைப் பளிச்செனக் காட்டும். அந்த அகன்ற சிறகுகளைப் பார்த்தவர்க்கு இக்கருத்து மிகையாகத் தோன்றாது.

இன்னொரு செய்தியும் உண்டு. மனிதர் முதன்முதலில் வந்திறங்கிய காலத்தில் அந்நாட்டில் வேறோர் அன்னம் இருந்தது. வேட்டையால் அது விரைவில் அழிந்தது. நியூசிலாந்தைச் சேர்ந்த சாத்தம் தீவுகளின் பூர்வகுடிகளான மொரியோரி மக்கள் தம் வாய்மொழிக் கதைகளில் அதனைப் ‘போஊவா’ என்று நினைவுகூர்கின்றனர். அது ஆஸ்திரேலிய அன்னத்தைவிடக் கனத்த உடலும் நீண்ட காலும் குறுகிய சிறகும் உடைய தனி இனம் என்பதை 2017இல் வெளியான மரபணு ஆய்வு நிறுவியது. ஆக, இன்றைய அன்னம் பழைய குடியின் மீட்சியுமன்று, முற்றிலும் மனிதர் இறக்கிய சரக்குமன்று. சட்டமோ இந்த வழக்குக்குள் நுழையாமல், அதனை வேட்டையாடத்தக்க பறவைகளின் பட்டியலில் சேர்த்து முடித்துக்கொண்டது.

என்னைக் கேட்டால், பிறப்பிடத்தை விசாரிப்பதைவிட அதன் இரையை விசாரிப்பதே பயன் தரும். கிறைஸ்ட்சர்ச்சுக்கு அருகிலுள்ள தே வைஹோரா ஏரியில் ஒருகாலத்தில் பல்லாயிரம் அன்னங்கள் நீர்த்தாவரப் படுகைகளை மேய்ந்து வாழ்ந்தன. 1968 ஏப்ரலில், வாஹினே கப்பலை மூழ்கடித்த அதே புயல் அப்படுகைகளை வேரோடு பெயர்த்தெறிந்தது. அன்னங்களின் தொகையும் சரிந்தது. ஆழமற்ற அந்த ஏரியில் காற்று அடிச்சேற்றைக் கிளறி நீரைக் கலக்குவதாலும், சுற்றுப்புறப் பண்ணைகளின் கழிவுச்சத்து வந்து சேர்வதாலும், பழைய படுகைகள் இன்றுவரை முன்போல் தழைக்கவில்லை.