கல்லின் வயது வேறு, கட்டுமானத்தின் வயது வேறு

[காட்சி: புல்வெளி நடுவே ஸ்டோன்ஹெஞ்சின் நெடுங்கற்கள்]

இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியில் நிற்கும் ஸ்டோன்ஹெஞ்சை 17ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த கட்டடக் கலைஞர் இனிகோ ஜோன்ஸ், அது ரோமானியர் எழுப்பிய கோயில் என்று முடிவுகட்டினார். அவருக்குப் பின் வந்தவர்கள், பழங்காலக் கெல்டிக் மக்களின் குருமார்களான துரூயிட்கள் கட்டியது என்றார்கள். இரண்டு கருத்துகளும் உண்மைக்கு ஈராயிரம் ஆண்டுகளோ அதற்கும் மேலோ தள்ளியே நின்றன.

கற்றறிந்தவர்களே இப்படித் தடுமாறியதற்குக் காரணம் உண்டு. ஒரு பாறை எப்போது உருவானது என்பதை நிலவியலாளர்கள் கணித்துவிடலாம். ஆனால் மனிதர்கள் அதை வெட்டியெடுத்து நிமிர்த்திய காலம் எது என்பதை அந்தக் கணிப்பு காட்டாது. ஆகவே தொல்லியலாளர்கள் கல்லை விட்டுவிட்டு அதன் காலடியைத் தோண்டுகிறார்கள்.

[காட்சி: மான் கொம்பு, அண்மைக் காட்சி]

ஸ்டோன்ஹெஞ்சைச் சுற்றியுள்ள அகழியின் அடியில் கிடைத்த கருவி இது. மான் கொம்பின் மற்றக் கிளைகளை வெட்டிவிட்டு, ஒரே ஒரு கூர்முனையை மட்டும் விட்டுவைத்து, நடுத்தண்டைக் கைப்பிடியாக்கிச் சுண்ணாம்பு நிலத்தைக் கொத்தியிருக்கிறார்கள். கொம்பு உயிருள்ள விலங்கிடமிருந்து வந்தது. அது வளரும்போது சேர்ந்த கதிரியக்கக் கார்பன்-14 அணுக்கள், அதன் பின் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். இப்படி அளந்துதான் அகழி ஏறத்தாழ கி.மு. 3000ஐச் சேர்ந்தது என்றும், பெரிய கற்கள் கி.மு. 2500 அளவில் நிறுத்தப்பட்டன என்றும் தெரிந்துகொண்டோம்.

இந்த முறையில் ஒரு நிபந்தனை இருக்கிறது. காலத்தைப் பற்றிய சர்ச்சைகள் பெரும்பாலும் இங்கேதான் முளைக்கின்றன. அளக்கப்படும் பொருளுக்கும் கட்டியவர்களுக்கும் தொடர்பு இருந்தாக வேண்டும். இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவிலுள்ள குனுங் பாடாங் குன்றின் ஆழத்தில் மனிதர் கட்டிய அடுக்குகள் உள்ளன என்றும், அவற்றின் தொடக்கம் கி.மு. 25,000 வரை போகலாம் என்றும் 2023இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. மண்ணின் வயதை அளந்ததில் குற்றமில்லை. ஆனால் அந்த மண்ணோடு ஒரு கருவியோ, மனிதக் கை பட்டது என்று சொல்லத்தக்க எந்தத் தடயமோ சேர்ந்து கிடைக்கவில்லை. குன்று இருந்தால் அதனுள் பழைய மண்ணும் இருக்கத்தானே செய்யும்? இந்தக் காரணத்தைச் சொல்லியே 2024 மார்ச்சில் இதழ் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது.

இதைக் கேட்டு, பழமை என்றாலே ஆய்வாளர்கள் மறுப்பார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். துருக்கியின் கோபெக்லி தெபேயில் ஜெர்மானியத் தொல்லியலாளர் கிளவுஸ் ஷ்மிட் 1995இல் தொடங்கிய அகழாய்வு, அங்குள்ள டி வடிவத் தூண்களைக் கி.மு. 9500 அளவுக்குக் கொண்டுபோனது. வேளாண்மை வேரூன்றுவதற்கு முன்பே மனிதர்கள் இவ்வளவு பெரிய கட்டுமானங்களை எழுப்பினார்கள் என்பது எல்லாப் பாடநூல்களையும் புரட்டிப்போடும் செய்தி. ஆனாலும் சான்று இருந்ததால் ஏற்றுக்கொண்டார்கள்.

[காட்சி: பெருவின் ஓயந்தைதம்போ, கற்சுவர்]

எப்படிக் கட்டினார்கள் என்ற கேள்விக்கும் பதில் கல்லுக்கு அருகிலேயே கிடக்கிறது. தென் அமெரிக்காவில் பேரரசு கண்ட இன்காக்களின், இழையும் நுழையாதபடி கல் பொருந்திய சுவர்களைக் கண்டவர்கள், பாறையை உருக்கி வார்த்திருப்பார்கள் என்றுகூடச் சொன்னதுண்டு. கட்டடக் கலைஞர் ழான்-பியர் புரோட்சன் 1980களில் இன்காக் கல்குவாரிகளுக்கே போய், அங்கு கிடந்ததைப் போன்ற சுத்தியல் கற்களைக் கொண்டு பாறையைத் தாமே கொத்திப் பார்த்தார். கொத்திய இடமெல்லாம் சிறு குழிகள் விழுந்தன; விளிம்புக்கு வரும்போது, உடைந்துவிடாதபடி இலேசான கல்லுக்கு மாற வேண்டியிருந்ததால் அங்கே குழிகளும் சிறுத்தன. இன்காச் சுவர்களிலும் கல்லின் நடுவே பெரிய குழிகளும் இணைப்போரம் நுண்ணிய குழிகளும்தான் காணப்படுகின்றன. எனக்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவைப்படவில்லை. காணாமற்போன நாகரிகத்துக்கோ வேற்றுக்கிரகவாசிகளுக்கோ இந்தச் சுவர்களை எழுதிவைப்பவர்கள், அந்தக் கல்தச்சர்களின் உழைப்பைப் பறித்துக்கொள்கிறார்கள்.

[காட்சி: லெபனானின் பால்பெக், கல்குவாரி]

இங்கும் குவாரியே பேசுகிறது. ரோமானியர் கோயில் எழுப்பிய பால்பெக்கின் குவாரியில், 2014இல் ஜெர்மானியத் தொல்லியல் நிறுவனத்தார் மண்ணை அகற்றியபோது, 19.6 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 1,650 டன் எடையும் கொண்ட ஒரு செதுக்கிய கல் வெளிப்பட்டது. அது குவாரியை விட்டு நகரவே இல்லை. அதன் அருகே கிடக்கும் இன்னொரு பெருங்கல்லின் ஒரு முனையில் பாறையின் தரம் குறைவு. இழுத்துச் செல்லும்போது சேதமடையக்கூடும் என்று அதை அங்கேயே விட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.